சால்ட் ஓடையில் நின்ற வண்டி

கார்வர், கொலராடோ
நவம்பர் 5, 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டுலூத்தில் ஏரிக்காற்று தொடங்கியிருக்கும். வெளிப்படிக்கட்டில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்.

வேட்டைக்காலம் முடிந்தது. இந்த வருஷமும் வெறுங்கைதான். சனிக்கிழமை விடியுமுன் பெர்க்மன் ஓடைக்குப் போனேன். வண்டி நிறுத்த இடமில்லை. டெக்சாஸ், மிசௌரி, விஸ்கான்சின் எண்பலகைகள் மண்சாலை ஓரமாக வரிசை கட்டி நின்றன. பாதை தொடங்கும் இடத்தில் ஒருவன் மடக்கு நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தான். “பெரியவரே, இங்க ஹவுஸ்ஃபுல். வேற தியேட்டர் பாருங்க” என்றான். நானும் சிரித்துவிட்டுத்தான் நடந்தேன்.

வெளிச்சம் வந்தபோது எல்க் மான் எதுவும் கண்ணில் படுமுன் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பிகள்தான் தெரிந்தன. வடக்குச் சரிவில் யாரோ அவசரப்பட்டுச் சுட்டார்கள். மந்தை முழுவதும் புல்வெளியைக் கடந்து, வேலியைத் தாண்டி, தனியார் பண்ணைக்குள் போய் நின்றுவிட்டது. அங்கே நாம் கால் வைக்கக் கூடாது. அது அந்த மான்களுக்கும் தெரியும்.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். எதிர்ச்சரிவில் ஒருவன் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைநோக்கி கொண்டுவரவில்லை போலும், துப்பாக்கியின் மேலிருக்கும் கண்ணாடி வழியாகவே பார்த்தான். அவன் கண் என் மேல் இருந்தபோது குழலும் என் மேல்தான் இருந்தது. தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். அவனும் ஒரு கையை எடுத்து ஆட்டினான். மற்றக் கையை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் நம் க்ரெய்க்கைப் பார்த்தேன். கூட மூன்று நண்பர்கள். “மாமா, நீங்க சொன்ன இடம் சூப்பர்” என்று கட்டிப்பிடித்தான். நான் அவனிடம் இடம் எதுவும் சொன்னதாக நினைவில்லை. வயதாகிறது, மறந்திருப்பேன். உன் மருமகன் நல்லபடியாக இருக்கிறான் என்று மகள் ஜோலினிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
வெர்லின்


டுலூத், மினசோட்டா
நவம்பர் 20, 1995

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்காலுக்கு வசந்தத்தில் அறுவை செய்துவிடலாம் என்கிறார்கள். உன் இருமல் விட்டதா?

க்ரெய்க் வந்து கதை கதையாகச் சொன்னான். செப்டம்பரில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வேட்டைப் பேச்சு வந்தது. அவன் வரைபடத்தை மேசையில் விரித்தான். பேச்சுவாக்கில் ஓடையின் பெயர் வந்திருக்க வேண்டும். இனி அந்த மேசையில் அப்படிப் பேச்சு வராது.

அந்தத் துப்பாக்கிக் கண்ணாடி விஷயத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. உன் டோரிஸ் உயிரோடு இருந்தவரை நீ எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அவளுக்காவது தெரியும். இப்போது நீ தனியாகப் போய்த் தனியாக வருகிறாய். வராவிட்டால் யாருக்குத் தெரியும்? விட்டுவிடு என்று சொன்னால் கேட்க மாட்டாய். யாரையாவது கூட்டிக்கொண்டு போ. இல்லாவிட்டால் எங்கே போகிறாய் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போ.

உடனே பதில் எழுது. அத்தான் ஹார்லன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா
மார்லிஸ்


கார்வர்
மார்ச் 10, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், இருமல் போய்விட்டது. உன் கடிதம் நவம்பரிலேயே வந்தது. சாலைத்துறையில் எனக்குப் பனி தள்ளும் வண்டி. இந்தக் குளிர்காலம் பனி ஓயவே இல்லை. அதனால்தான் பதில் தள்ளிப்போனது. வேறொன்றும் இல்லை.

பெர்க்மன் ஓடைக்கு இனி நான் போகப்போவதில்லை. அடுத்த வருஷம் அங்கே இன்னும் கூட்டம் சேரும். ஒருவனுக்குத் தெரிந்தால் நாலு பேருக்குத் தெரியும். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைக் கூட்டி வருவார்கள். க்ரெய்க் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

இங்கே உள்ளூர்க்காரர்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? எல்லோருக்கும் எல்லோருடைய வண்டியும் தெரியும். வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தே ஒருவன் எங்கே போயிருக்கிறான் என்று கண்டுபிடித்து, மறுநாள் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே மலைப்பாதை தொடங்கும் ஒரு முனையில் வண்டியை விட்டுவிட்டு, மேட்டைத் தாண்டி வேறு பள்ளத்துக்கு நடந்து போகிறோம். கேட்டால் மூன்றாவது ஒரு இடத்தைச் சொல்கிறோம். பக்கத்து வீட்டு எம்மட், சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பு போனதால் வேட்டையை விட்டுவிட்டார். அவர் சொல்வார்: “சர்ச்சுல பொய் சொல்லாதவன்கூட பெட்ரோல் பங்க்ல அக்டோபர் மாசம் பொய்தான் சொல்லுவான். நான் என் பொண்டாட்டிகிட்டயே சொன்னதில்ல.”

அறுவை தேதி முடிவானதும் எழுது. படியேறாதே.

உன் தம்பி
வெர்லின்


டுலூத்
ஏப்ரல் 28, 1996

அன்புத் தம்பிக்கு,

அறுவை முடிந்தது. கைத்தடியோடு சமையலறைவரை நடக்கிறேன். நீ அனுப்பிய பாதாம் மிட்டாய் வந்தது, ஹார்லன் பாதிக்கு மேல் தீர்த்துவிட்டார். உன் உடம்பு எப்படி?

படுக்கையில் கிடந்தபோது உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் அங்கே விளையாடுவது சின்னப்பிள்ளைகளின் கண்ணாமூச்சி. ஆனால் கையில் துப்பாக்கி இருக்கிறது, பனி இருக்கிறது. உனக்குக் கால் மடங்கினால் உன் வண்டிக்குப் பக்கத்தில் தேடுவார்கள். நீ இன்னொரு பள்ளத்தில் கிடப்பாய்.

எனக்கு மட்டும் சொல். ஆயிரம் மைல் தள்ளி, கைத்தடியோடு இருக்கிறேன். நானா வந்து உன் மான்களைச் சுடப்போகிறேன்? க்ரெய்க்கிடமும் ஜோலினிடமும் வாயைத் திறக்க மாட்டேன். போன தடவை நடந்ததை நினைத்து நீ தயங்கினால் அது நியாயம்தான். ‘சொல்ல மாட்டேன்’ என்றாவது எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
மார்லிஸ் அக்கா


கார்வர்
ஆகஸ்ட் 18, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது தடி இல்லாமல் நடக்கிறாய் என்று ஜோலின் போனில் சொன்னாள். கேட்கவே சந்தோஷம். நானும் சுகம். மலையில் இப்போதே காலையில் உறைபனியில் புல் வெளுத்திருக்கிறது.

நீ கேட்டதை எழுதுகிறேன். இந்த வருஷம் சால்ட் ஓடை. ஓடைக்கு இடப்பக்கமாக ஏறி, கரும்பாறைக்குக் கீழே கூடாரம் போடுவேன். அங்கிருந்து தெற்குப் பக்கம்தான் வேட்டை. சரிவு செங்குத்து, வழியெல்லாம் சாய்ந்து கிடக்கும் அடர்ந்த விழுமரம். அதனால் வெளியூர்க்காரர்கள் யாரும் வருவதில்லை. வண்டியை ஒளித்து நிறுத்தும் அவசியமே இல்லாத இடம். வண்டி நிற்கும் முனையிலிருந்தே நேராக ஏறுவேன். அக்டோபர் 18 வெள்ளிக்கிழமை போய், அடுத்த புதன்கிழமை இறங்குவேன். இறங்கிய அன்றே கடைத்தொலைபேசியிலிருந்து உன்னைக் கூப்பிடுவேன்.

போதுமா? இனி நிம்மதியாக இரு. க்ரெய்க்குக்கும் ஜோலினுக்கும் என் அன்பு. அவன் இந்த வருஷமும் வருவதாக எனக்குப் போன் செய்தான். பெர்க்மன் ஓடை நல்ல இடம், அங்கேயே போ என்றேன்.

உன் தம்பி
வெர்லின்


டுலூத்
அக்டோபர் 6, 1996

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் நீ மலை ஏறுமுன் உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவசரமாக எழுதுகிறேன். இங்கே யாவரும் நலம். முழங்கால் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒரு ஜோடியை நனையாமல் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் க்ரெய்க் கேட்டான்: “மாமா இந்த தடவ எங்க போறாராம் அத்தை?” எனக்குத் தெரியாது என்றேன். ஜோலின் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “அம்மாவுக்கு பொய் சொல்லவே வரல” என்றாள். வரவில்லைதான். ஆனாலும் சொல்லவில்லை. அவன் இன்னும் இரண்டு தடவை சுற்றிச் சுற்றிக் கேட்டான், நான் சமைத்த கோழியைத் துண்டு போட்டுக்கொண்டே இருந்தேன். நீ என்னை நம்பி எழுதியதற்கு இது ஒன்றாவது செய்தேன்.

நல்ல கொம்பன் மானாகக் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டாலும் புதன்கிழமை மறக்காமல் கூப்பிடு.

அக்கா
மார்லிஸ்


டுலூத்
அக்டோபர் 27, 1996

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

நீ வீட்டுக்குத் திரும்பும்போது இது உன் தபால்பெட்டியில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி என்பதை இந்த முறை நீதான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. வியாழன் காலை நான் ஷெரீப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். உதவி ஷெரீப் ஒருவர் பேசினார், மரியாதையான பிள்ளை, ரஸ்க் என்று பெயர். உன் ஆகஸ்ட் கடிதத்தை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, உன் வண்டி சால்ட் ஓடை முனையில் நிற்கிறது, எல்லாம் கடிதத்தோடு ஒத்துப்போகிறது என்றார். “பெரும்பாலும் எங்க போனாங்கன்னே தெரியாம தேடுவோம்மா. உங்க தம்பி இவ்வளவு தெளிவா எழுதி வெச்சது நல்லதாப் போச்சு” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தேடினார்கள். நாய் வந்தது, ஹெலிகாப்டர் ஒருமுறை பறந்தது. கூடாரம் இன்னும் கிடைக்கவில்லை. விழுமரம் அடர்த்தி என்று நீயே எழுதியிருந்தாயே, மெதுவாகத்தான் ஆகும். நாளை பனிப்புயல் வரலாம் என்கிறார்கள். க்ரெய்க் பெர்க்மன் ஓடையிலிருந்து வந்து தேடுவோருடன் சேர்ந்துகொண்டான். நேற்று இரவு போனில் அழுதான்.

நீ எங்கே இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் பயப்படாமல் இரு. காலுறையை மாற்றிக்கொள்.

அக்கா


கார்வர்
நவம்பர் 17, 1996

மதிப்பிற்குரிய மார்லிஸ் அம்மாவுக்கு,

நீங்களும் உங்கள் கணவரும் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. வெர்லினின் பக்கத்து வீட்டுக்காரன் எம்மட். அவர் உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். அவருடைய வீட்டுத் தண்ணீர்க்குழாய் உறையாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.

தேடுதலை நிறுத்திவிட்டார்கள் என்று ரஸ்க் உங்களிடம் சொல்லியிருப்பார். மேலே இடுப்பளவு பனி. ஜூனுக்கு முன் யாரும் ஏற முடியாது. செய்யக்கூடியதை எல்லோரும் செய்தார்கள். நானும் ஒருவரிடம் குதிரை இரவல் வாங்கி மேடுவரை ஏறினேன்.

வேட்டைக்காரர்களால்தான் தொல்லை. கூடாரம் கூடாரமாகப் போய் ரஸ்க் கேட்டார், இந்த மனிதரைப் பார்த்தீர்களா, நீங்கள் எந்தப் பக்கம் போயிருந்தீர்கள் என்று. ஒரு மனிதன் காணாமல் போயிருக்கிறான் என்று தெரிந்தும் ஒவ்வொருவனும் தான் போகாத திசையைத்தான் காட்டினான். ஒருவன் வரைபடத்தில் ஒரு குளத்தைக் காட்டினான். அந்தக் குளம் இருபது வருஷமாக வற்றிக் கிடக்கிறது. ரஸ்க் அதை அவனிடம் சொன்னபோதும் அவன் விரலை எடுக்கவில்லை.

ஒன்று கேட்கலாமா? சால்ட் ஓடையைத் தவிர வெர்லின் வேறு ஏதாவது இடத்தைப் பேச்சோடு பேச்சாக எழுதியிருந்தாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் முழங்காலைக் குளிரில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
எம்மட் டில்லார்ட்


டுலூத்
ஜனவரி 12, 1997

மதிப்பிற்குரிய எம்மட் அவர்களுக்கு,

உங்கள் இடுப்பு வலி குளிரில் அதிகமாகாமல் இருக்க வேண்டும். தம்பி வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. இங்கே ஹார்லன் நலம். நான் நடமாடுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்காக அவனுடைய எல்லாக் கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். வேறு இடம் எதுவும் இல்லை. பிறகு, நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று யோசித்தேன். அவன் இடத்தை இவ்வளவு விவரமாக யாருக்காவது சொன்னதுண்டா? இடப்பக்கம், கரும்பாறை, தெற்கு. மார்ச் மாதக் கடிதத்தில் ‘கேட்டால் மூன்றாவது ஒரு இடத்தைச் சொல்கிறோம்’ என்று அவனே எழுதியிருக்கிறான். கேட்டது நான்.

கிறிஸ்துமஸுக்கு முன் ரஸ்க்கிடம் பேசினேன். நாய் இரண்டு தடவை மேட்டுப் பக்கம் இழுத்தது, ஹேன்காக் பள்ளத்தை நோக்கி, திருப்பிக் கொண்டுவந்தோம் என்றார். ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டேன். “கடிதாசில அப்படி இல்லையேம்மா” என்றார்.

நீங்கள் அந்த மேட்டில் இருந்தீர்கள். நாய் இழுத்ததைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்று விட்டிருப்பீர்கள். எனக்குத் தெரிய வேண்டும். அவன் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருப்பான் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்
மார்லிஸ்


கார்வர்
ஜூன் 29, 1997

மதிப்பிற்குரிய மார்லிஸ் அம்மாவுக்கு,

உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கு இதுவரை பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உடல்நிலைக்கு ஒன்றும் இல்லை. எழுத எதுவும் இல்லாமல் இருந்தது. ரஸ்க் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் என்று அறிந்தபின் எழுதுகிறேன்.

மான்கள் உதிர்த்த கொம்பு பொறுக்கப் போன ஒரு கணவன் மனைவி ஹேன்காக் பள்ளத்தில் அவரைக் கண்டார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம், தேவதாரு மரங்களுக்கு நடுவே. ரஸ்க் என்னையும் அழைத்துப்போனார். ஆரஞ்சு மேல்சட்டை அவர் மேலேயே இருந்தது. கூடாரம் கொஞ்சம் கீழே நல்ல இடத்தில் போட்டிருந்தார். தொடை எலும்பில் குண்டு பட்டிருக்கிறது. உடனே போயிருப்பார், அவருக்கே ஒன்றும் தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார்.

சுட்டது யார் என்று கேட்பீர்கள். சொல்ல வழியில்லை. அந்த வாரம் எந்த முனையில் எந்த வண்டி நின்றது என்று ரஸ்க் பார்த்து வைத்திருந்தார். ஹேன்காக் முனையில் ஒன்றுகூட நிற்கவில்லை. சுட்டவனும் வேறெங்கோ வண்டியை விட்டுவிட்டு, மேடு தாண்டி நடந்து வந்திருக்கிறான். “அந்தப் பள்ளத்துல நம்மளத் தவிர எவனும் இல்லன்னு ரெண்டு பேருமே நினைச்சிருக்காங்க” என்றார் ரஸ்க். மரத்துக்குள் ஏதோ அசைந்திருக்கும். சுட்டு, ஒன்றும் விழவில்லை, தவறிவிட்டது என்று போயிருப்பான். இன்றைக்கு அவன் ஏதோ ஒரு ஊரில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பான். அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

மனைவி டோரிஸின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தோம். நீங்கள் வர முடியாததை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். க்ரெய்க் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். முழங்காலை வருத்திக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு
எம்மட்


டுலூத்
ஆகஸ்ட் 3, 1997

மதிப்பிற்குரிய எம்மட் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

போன ஞாயிறு க்ரெய்க் வந்தான். இந்த வருஷமும் வேட்டை உரிமம் எடுத்திருக்கிறான். வரைபடத்தை மேசையில் விரிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டான். எங்கே போகப்போகிறாய் என்று நானே கேட்டேன். “ஹேன்காக் பக்கம் பாக்கலாம்னு இருக்கோம் அத்தை. பேப்பர்ல வந்ததுக்கு அப்புறம் அங்க யாரும் வரமாட்டாங்கன்னு சொல்றாங்க” என்றான். ஜோலின் எழுந்து போய்விட்டாள். அவன் கெட்டவன் இல்லை. மாமாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன்தான். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ரஸ்க் தம்பியின் சாமான்களை அனுப்பிவைத்தார். இடுப்புவாரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் கத்தியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. இடுப்புக்கு அந்த அளவு பொருந்தாது. தொடைக்குப் பொருந்தும். தீப்பெட்டி இருந்தது, உள்ளே ஒரு குச்சியும் இல்லை. நான் அனுப்பிய காலுறையில் ஒரு ஜோடி கரி படிந்து இருந்தது, உலர்த்தியிருக்கிறான். உடனே போயிருப்பார் என்று நீங்கள் எழுதினீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அது இல்லை.

துப்பாக்கி பற்றி ரஸ்க்கிடம் கேட்டேன். துப்பாக்கியிலும் தோட்டா இல்லை, பையிலும் இல்லை, எல்லாம் பக்கத்திலேயே வெற்றுக் குப்பிகளாகக் கிடந்தன என்றார். வேட்டைக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அதன் அர்த்தம் தெரியும். காலை உடைத்துக்கொண்டவன், வழி தவறியவன், யாரானாலும் மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். பொறுத்திருந்து மறுபடி மூன்று. கேட்பவர்கள் வருவார்கள்.

அவன் சுட்டிருக்கிறான். அந்த மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன கேட்டது என்று மட்டும் எழுதுங்கள். அவனை அந்தப் பக்கத்தில் தேடாமல் செய்த கடிதத்தைப் படித்துக் காட்டியவள் நான். ஆகவே எதையும் தாங்கிக்கொள்வேன்.

மார்லிஸ்


கார்வர்
செப்டம்பர் 21, 1997

மதிப்பிற்குரிய மார்லிஸ் அம்மாவுக்கு,

நீங்களும் ஹார்லனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இடுப்பில் ஊசி போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் பரவாயில்லை. ஊருக்குள் இப்போதே வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன.

நீங்கள் கேட்டதற்கு நேரில் பதில் சொல்வதைவிட எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சால்ட் ஓடைக்கு மேலே மேட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். தேடுதல் குழுவினர், நாயைக் கொண்டுவந்த பெண், ரஸ்க், நான். அந்த வாரம் முழுக்க எல்லாப் பக்கமும் சுட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை. இரண்டு கேட்கும், ஐந்து கேட்கும், மூன்று கேட்கும். பாறையில் மோதி எதிரொலிப்பதால் எந்தத் திசை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மூன்றுக்கும் ஓடியிருந்தால் நாங்கள் ஒரு அடியும் தேடியிருக்க மாட்டோம். வேறு இடத்தில், வேறு மாதத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. இங்கே அக்டோபரில் இல்லை.

மூன்று கேட்டது. அவசரமில்லாமல், ஒரே சீராக. நாய் எழுந்து நின்றது. அந்தப் பெண் வாயில் ரொட்டியோடு எங்கள் முகங்களைப் பார்த்தாள். அப்போது எங்களில் ஒருவர் சொன்னார்: “ரெண்டுல விழாதது மூணுல விழுந்திருச்சு போல.” களைத்திருந்தோம், எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் பெண்ணும் சிரித்து, நாயை உட்காரச் சொன்னாள். பிறகு ஓடைப் பக்கம் இறங்கினோம்.

சாயங்காலம் ஒருமுறை கேட்டது. சனிக்கிழமை காலையில் ஒருமுறை. அதன்பின் மற்றவர்கள் சுட்டதுதான்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, ஜோலின் எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள். க்ரெய்க் வந்தால் என் வீட்டில் தங்கட்டும், கூடாரத்தில் வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் கேட்டு எழுதுங்கள் அம்மா. மேட்டில் அந்த வார்த்தையைச் சொன்னது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு
எம்மட்